வேர்விடும் வேலி

காங்கேயம் பக்கம் மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்போம். கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும் நிற்கும். சுற்றிலும் முள்கிளுவை வேலி. சித்திரை மாதம் எங்கள் தாத்தா, அப்பாரு என்போம், கிளுவைப் போத்து, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டு, வெட்டிவந்து நெருக்கமாக ஊன்றிக்கொண்டே போவார். பார்ப்பதற்குக் காய்ந்த குச்சிகளை வரிசையாக நட்டுவைத்த மாதிரிதான் இருக்கும். மழை விழுந்ததும் குச்சி துளிர்க்கும். நாலைந்து வருடத்தில் அதற்குள் கோழிக்குஞ்சு நுழையக்கூட வழியிருக்காது. உயிருள்ள வேலி என்பது எங்கள் ஊர்க்காரர்களின் தனிக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

ஏழு வருடத்துக்கு முன் எங்கள் கப்பல் பழுதுபார்ப்புக்காக கரீபியன் கடலில் உள்ள குரசாவ் தீவில் டிரை டாக் ஏறியது. நான் அதில் செகண்ட் இன்ஜினியர். வில்லெம்ஸ்டாட் துறைமுகத்தின் வாசலில் ஒரு மிதக்கும் பாலம் இருக்கிறது. 1888-ல் போட்டது. கப்பல் வந்தால் பாலமே மெல்ல ஒதுங்கி வழிவிடும். அதைத் தாண்டி உள்ளே போனால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள். முதல் இரண்டு வாரம் எனக்குத் தெரிந்த குரசாவ் அவ்வளவுதான். இரும்பு, கிரீஸ், வெல்டிங் புகை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வேலை செய்த உள்ளூர் வெல்டர் ஒருவர், "செகண்ட், எங்க அம்மா ஊருக்குப் போறேன், வர்றீங்களா?" என்று கூப்பிட்டார். தீவின் மேற்குப் பக்கம். பண்டாபௌ என்கிறார்கள். நகரம் முடிந்து அரை மணி நேரம் போயிருப்போம். சாலையின் இரண்டு பக்கமும் கள்ளி. காடு என்றே சொல்லலாம். ஆனால் இலையே இல்லாத காடு. தூண் தூணாக, இரண்டு ஆள், மூன்று ஆள் உயரத்தில். சிலது அடியிலேயே கிளைத்து நேர்நேராக எழுந்திருந்தது. சிலது பனைபோலத் தண்டு விட்டு, மேலே போய்ச் சரவிளக்கு மாதிரி கைகளை விரித்திருந்தது. அதற்கு நடுவே ஒரு வீடு வந்தது. வீட்டைச் சுற்றி வேலி. அதே கள்ளித் தூண்களை மார்பளவு நறுக்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல ஊன்றியிருந்தார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் பச்சையாகப் புதுக் கணு.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். இது போத்து. சந்தேகமே இல்லை, எங்கள் அப்பாரு ஊன்றும் போத்தேதான்.

குரசாவ் கிட்டத்தட்ட நம் புதுச்சேரிக்கு நேர் மேற்கே இருக்கும் தீவு. இரண்டும் 12 பாகை வடக்கு அட்சரேகையை ஒட்டியவை. ஆண்டுக்கு ஏறத்தாழ 550 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்துவிடும். மற்ற மாதங்களில் கிழக்கிலிருந்து ஓயாத காற்று. ஏதோ ஒரு தூர தேசத்துக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்தவனுக்கு, மண்ணைக் கையில் எடுத்ததும் நம் காட்டு மண்ணாகவே தெரிந்தது. இன்னொன்றும் அங்கே தெரிந்துகொண்டேன். வழியெல்லாம் நின்ற முள்மரம் ஒன்றைக் காட்டிப் பெயர் கேட்டேன். "இஞ்சு" என்றார் வெல்டர். நாம் சீமைக்கருவேலம் என்று சொல்லும் வேலிக்காத்தான் அது! நம் ஊரில் அதை வேரோடு பிடுங்க வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே அது பிறந்த மண்ணில், ஆட்டுக்கு நெற்று கொடுத்துக்கொண்டு, மற்ற மரங்களோடு அளவாக நிற்கிறது. காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து வளரும் டிவிடிவி மரத்தையும் பார்த்தேன். அதன் காய் தோல் பதனிடப் பயன்படும். அதற்காகவே ஒரு காலத்தில் அந்த மரத்தைத் தென்னிந்தியாவுக்கும் கொண்டுவந்து நட்டார்கள்.

ஆனால் தூண் கள்ளி மட்டும் நம்முடையது இல்லை. நம் ஊர்ச் சதுரக்கள்ளியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒரே குடும்பம் போலத்தான் தெரியும். நான் கூட ஒரு தூணில் நகத்தால் கீறி, பால் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. கொழகொழவென்று நிறமில்லாத நீர்தான் கசிந்தது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் ஆமணக்கின் உறவு. கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கிற பால் அவற்றுக்கு உண்டு. கள்ளிப்பால் என்றால் நம் பக்கம் பெண் சிசுக்களின் நினைவும் சேர்ந்தே வரும். அமெரிக்கக் கண்டத்துக் கள்ளி முற்றிலும் வேறு குடும்பம். அதன் முட்கள் தண்டின் மேல் வரிசையாக உள்ள சிறு மெத்தை போன்ற புள்ளிகளிலிருந்து கொத்தாக முளைக்கும். அங்கேயும் வறட்சி, இங்கேயும் வறட்சி. இலையை உதிர்த்துவிட்டுத் தண்டைப் பச்சையாக்கிக்கொள்ளும் அதே வழிக்கு இரண்டும் தனித்தனியே வந்து சேர்ந்திருக்கின்றன. இந்தக் கள்ளிக் குடும்பத்தில் ஒரே ஒரு இனம்தான் மனிதர் கைபடாமல் கடல் தாண்டி ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் பரவியிருக்கிறது. அது மரத்தில் ஒட்டிக்கொண்டு நூல்நூலாகத் தொங்கும். பார்த்தால் யாரும் கள்ளி என்று சொல்லமாட்டார்கள்.

குரசாவ்காரர்கள் தூண் கள்ளியை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார்கள். அடியிலேயே கிளைத்து நேராக எழுவது தாத்து. பக்கத்துத் தீவான பொனேரில் இதையே யாத்து என்பார்கள். வேலிக்கு இதுதான். உச்சியில் பூனை மயிர் போல வெள்ளைப் பஞ்சு படர்ந்திருப்பது கடுஷி டி புஷி. புஷி என்றால் அவர்கள் பேசும் பாப்பியமென்டு மொழியில் பூனை. மூன்றாவதுதான் ராஜா. வெறுமனே கடுஷி. பத்து மீட்டர் வரை வளரும், மரம் மாதிரி தண்டு வைக்கும். செரியஸ் ரெபாண்டஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். நம் நர்சரிகளில் பெருவியன் கள்ளி என்று தொட்டியில் விற்பதும் பெரும்பாலும் இந்த வகையறாதான். பெரு நாட்டில் அது இயல்பாக வளர்வதில்லை என்பது வேறு விஷயம். கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தால் கதிர்வீச்சை உறிஞ்சும் என்று சொல்லி விற்பதையும் நம்பவேண்டாம். அதற்குத் தெரிந்த வித்தை அதைவிட எவ்வளவோ பெரியது.

அந்த வித்தையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். செடிகள் மூச்சு விடுவது இலையின் துளைகள் வழியாக. பகலில் துளையைத் திறந்தால் காற்று உள்ளே வரும்போதே தண்ணீர் வெளியே போய்விடும். கடுஷி பகல் முழுக்கத் துளைகளை மூடிக்கொள்கிறது. இருட்டிக் குளிர்ந்த பிறகு திறந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, அமிலமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. மறுநாள் வெயில் வந்ததும் கதவைத் திறக்காமலே அந்த இருப்பை வைத்துச் சமைக்கிறது. விடியற்காலையில் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்தால் புளிக்கும், சாயங்காலம் அவ்வளவு புளிப்பு இருக்காது என்றார் வெல்டரின் அம்மா. அமிலக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. நாக்குக்குத் தெரிந்திருந்தது. தண்டில் நீளவாக்கில் ஓடும் மடிப்புகளும் சும்மா இல்லை. மழையில் ஆர்மோனியத் துருத்தி போல விரிந்து நீரை வாங்கும், கோடையில் சுருங்கும். நகத்தால் கீறியபோது கசிந்ததே கொழகொழப்பு, அதுதான் நீரை விடாமல் பிடித்து வைப்பது.

சரி, அம்மா வீட்டுக்கு வருவோம். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் "பொன் தியா, மி யூ" என்றார். வணக்கம், என் பிள்ளையே. மகன் மொழிபெயர்த்தார், அப்புறம் மொழிபெயர்ப்பு அதிகம் தேவைப்படவில்லை. வேலியை நான் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை அவர் கவனித்திருக்கிறார். எழுந்து வந்து எப்படி ஊன்றுவது என்று கையால் காட்டினார். தூணை வெட்டியதும் நடக்கூடாது. நிழலில் சாய்த்து வைத்து வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டவேண்டும். ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும். காய்ந்ததும் ஒரு முழம் ஆழத்துக்கு நீளமாகப் பள்ளம் எடுத்து, ஒன்றின் முதுகில் இன்னொன்று உரச நிறுத்தி, மண்ணை மிதித்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். உயரம் அதிகமானால் தலையை நறுக்கலாம். நறுக்கிய தலையே அடுத்த வேலிக்கு விதை. கம்பி துருப்பிடிக்கும், மரம் கரையான் தின்னும், இது வருடத்துக்கு வருடம் தடிக்கும் என்றார். கடற்காற்று ஓயாமல் உப்பை வாரி வீசும் ஊரில் கம்பி வேலியின் ஆயுள் எவ்வளவு என்று ஒரு கப்பல்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலிக்குள் கம்பும் சோளமும் மாதிரி ஏதோ விளைந்த அடித்தட்டைகள் நின்றன. கேட்டால், சோளமேதான். மைஷி சிக்கி என்கிறார்கள், சின்ன மக்காச்சோளம் என்று பொருள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த தானியம். அந்தச் சோளத்தட்டைக் கூரையாக வேய்ந்து, களிமண் பூசிக் கட்டிய பழைய வீடுகளுக்குக் காஸ் டி பாலி மைஷி, அதாவது சோளத்தட்டு வீடு என்று பெயர். இப்போது அருங்காட்சியகமாக ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றியும் கள்ளி வேலி.

அன்று மத்தியானம் எனக்காகக் கடுஷி சூப் வைத்தார். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம். இளம் கடுஷிக் கை ஒன்றை மகன் வெட்டிக்கொண்டு வந்தார். மடிப்பு மடிப்பாகப் பிளந்து, கத்தியை முதலில் முள் வரிசையோடு ஓட்டி முட்களைச் சீவினார்கள். அடுத்து, மெழுகு பூசினாற்போலிருக்கும் மேல் தோலைக் கண்ணாடித் தாள் போல உரித்தார்கள். அதற்கும் கீழே விரல் கனத்துக்குப் பச்சைச் சதை. அதுதான் சமையலுக்கு. நடுவிலுள்ள வெள்ளைத் தண்டு ஆகாது. பச்சைச் சதையைப் பொடியாக நறுக்கிக் கொதிக்கவிட்டு, லெலே என்ற ஒரு குச்சியால் கடைந்தார் அம்மா. கிளை பிரியும் இடத்தில் வெட்டிய மூன்று முனைக் குச்சி. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டி உருட்டிக் கடைகிறார். எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர், கீரை கடைவது அப்படியே கண் முன்னே வந்தது. மத்து என்று நான் சொல்ல, அவர் லெலே என்றார், நான் மறுபடி மத்து என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

கடையக் கடைய அது வெண்டைக்காய் மாதிரி நூல் விடும். உப்புக்கண்டம், மீன், இறால் எல்லாம் சேரும். கூடவே ஃபுஞ்சி. நம் களியேதான், மக்காச்சோள மாவில் கிண்டுவது. களியைக் கிள்ளிச் சூப்பில் தோய்த்து, மெல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே விடவேண்டும். கேப்பைக்களி தின்று வளர்ந்தவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். சுவை எப்படி என்றால், புல்வாசம் கலந்த இளம் புளிப்பு. முதல் வாய்க்குப் புதிதாக இருக்கும், நாலாவது வாய்க்குப் பழகிவிடும். பச்சையாக வைக்க முடியாதபோது சதையை வெயிலில் காயவைத்து இடித்துப் பொடியாக்கியும் வைத்துக்கொள்வார்களாம். வில்லெம்ஸ்டாட்டில் பிளாசா பியூ என்ற பழைய சந்தைக் கூடத்தில் இன்றும் இந்தச் சூப் கிடைக்கும். பொனேர் தீவின் ரின்கோன் என்ற ஊரில் கடுஷியை வைத்து மதுவே வடிக்கிறார்கள்.

பழத்தையும் விட்டுவிடக் கூடாது. கடுஷிப் பழத்தில் முள் கிடையாது. மேலே செம்பழுப்பு, உள்ளே வெள்ளைச் சதை, எள் தூவியது போலக் கறுப்பு விதை. தாத்துப் பழத்தில் முள் உண்டு, பழுத்தால் உதிர்ந்துவிடும். உள்ளே ரத்தச் சிவப்பு. இரண்டில் தாத்துதான் இனிப்பு என்பது என் கட்சி. கடலுக்கு அக்கரையில் கொலம்பியாவின் லா குவாஹிரா வறண்ட பகுதியில் வாழும் வாயூ மக்கள், காய்ந்துபோன தூண் கள்ளியின் உள்மரத்தை எடுத்து வீட்டுச் சுவரும் பந்தலும் கட்டுகிறார்கள். யோத்தோஹோரோ என்பது அந்த மரத்துக்கு அவர்கள் வைத்த பெயர். இடைவெளிகளில் காற்று புகுந்து வீடு குளிர்ச்சியாக இருக்கும்.

இவ்வளவும் கொடுக்கிற மண்ணைத்தான் ஸ்பானியர்கள் "பயனற்ற தீவுகள்" என்று எழுதிவைத்தார்கள். 1499-ல் வந்தார்கள். தங்கம் இல்லை. ஆறு இல்லை. 1513-ல் பயனற்றவை என்று அறிவித்துவிட்டு, அங்கே வாழ்ந்த கக்கெத்தியோ மக்களை 1515 வாக்கில் கூட்டம் கூட்டமாகப் பிடித்து, வேறு தீவில் அடிமை வேலைக்குக் கொண்டுபோனார்கள். மண்ணுக்குப் பயனில்லை, அதில் வாழ்ந்த மனிதருக்கு மட்டும் பயன் கண்டுபிடித்தார்கள். அப்புறம் 1634-ல் டச்சுக்காரர்கள் வந்து, துறைமுகத்தைப் பெரிய அடிமைச் சந்தையாக்கினார்கள். 1863 வரை அடிமை முறை இருந்தது. மழை பொய்த்துச் சோளம் கருகிய வருடங்களிலும் கடுஷி நின்றிருக்கும். பசித்தவர்கள் அதை வெட்டிக் கடைந்திருப்பார்கள். அந்தச் சூப் யாருடைய கையில் இருந்து அம்மாவின் கைக்கு வந்தது என்று யோசித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நம் பழம்பாடல்களிலும் கள்ளி என்றாலே பாலையும் சுடுகாடும்தானே. அங்கே வாழ்ந்து பார்த்தவர்களைக் கேட்டுப் பாடியிருந்தால் வேறு மாதிரி வந்திருக்குமோ என்னவோ.

சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் அம்மா விடவில்லை. இருட்டட்டும், பூவைப் பார்த்துவிட்டுப் போ என்றார். வேலிக்குப் பின்னால் நின்ற பெரிய கடுஷியில், பகலெல்லாம் கத்திரிக்காய் போலக் கூம்பியிருந்த மொக்குகள் இருட்ட இருட்ட விரிந்தன. வெள்ளை வெளேரென்று. ஏழரை மணி இருக்கும், காதோரம் ஏதோ உரசிப் போனது. பூ ஆடியது. அவ்வளவுதான். கண் பழகிய பிறகுதான் தெரிந்தது, வௌவால். நம் ஊர்ப் பழந்தின்னி வௌவால் போலப் பெரிதில்லை, 25 கிராம் எடைதான் இருக்கும். நீண்ட மூக்கு, அதைவிட நீண்ட நாக்கு. பூ முன்னே ஒரு நொடிகூட நிற்காது. தலையை உள்ளே விட்டுத் தேனை நக்கி, முகமெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

இந்தக் கள்ளிகளுக்குத் தன் மகரந்தம் தனக்கு ஆகாது. இன்னொரு மரத்தின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். அதைக் கொண்டுவர அந்த வௌவால்களை விட்டால் நாதியில்லை. வௌவாலுக்கும் அப்படித்தான், வறண்ட மாதங்களில் தீவில் வேறு தேன் அதிகம் இல்லை. கள்ளி பூத்துக் காய்க்கும் பருவத்தை ஒட்டித்தான் அது குட்டி போடும், அதுவும் வருடத்துக்கு ஒன்றே ஒன்று. வௌவால்களுக்கு அடையாளப் பட்டை மாட்டிப் பார்த்ததில், தீவு விட்டுத் தீவு கடல் தாண்டிப் பறப்பதும் தெரிந்திருக்கிறது. பூ பழமானால் கிளியும் ஓணானும் தின்னும். பொனேரில் மஞ்சள் தோள் கொண்ட ஒரு கிளி இருக்கிறது, உலகில் வெகு சில இடங்களில் மட்டுமே உள்ள இனம். கோடையில் அதன் வயிறும் இந்தப் பழத்தை நம்பித்தான்.

இப்போது நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. 1918-ல் எண்ணெய் ஆலை வந்ததிலிருந்தே ஜனங்கள் குனுக்கு எனப்படும் காட்டு விவசாயத்தை விட்டுச் சம்பளத்துக்குப் போய்விட்டார்கள். புது வீடுகள் கட்டும்போது புல்டோசர் முதலில் சாய்ப்பது கள்ளியைத்தான். பொனேரில் அவிழ்த்துவிட்ட ஆடும் கழுதையும் தண்ணீருக்காகப் பெரிய தூண்களின் அடியைக் கடித்துக் கடித்து, ஒருநாள் தூண் விழுந்துவிடுகிறது. இளம் கன்று ஏதாவது புதரின் நிழலில்தான் பிழைக்கும். புதரை ஆடு மொட்டையடித்துவிட்டால் கன்றும் போச்சு. ஒரு தூண் ஆள் உயரம் வரப் பல வருடம் ஆகும். கிறிஸ்டோஃபெல் மலையைச் சுற்றி 1978-லேயே ஒரு பூங்கா அமைத்துக் காத்துவருகிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால்தான் ஒரு கள்ளிக் காடு முழுதாக எப்படி இருக்கும் என்று தெரியும்.

கிளம்பும்போது அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் ஊர் வேலியும் இப்படி ஊன்றுவதுதான் என்கிறாயே, அது பூத்தால் அதற்கு யார் வருவார்கள்? எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பத்தைந்து வருடம் அந்த வேலியைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவன் நான்.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது, காட்டின் கிழக்குப் பக்கம் கிளுவையைப் பிடுங்கிக் கல்தூண் நட்டுக் கம்பி கட்டியிருந்தார்கள். பங்காளி செய்தது, அவர் பக்கத்து நியாயம் அவருக்கு. மிச்சமிருந்த வடக்கு வேலியில் பதினைந்து அடிக்கு ஓட்டை. அப்பாரு இல்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் போய்ப் போத்து வெட்டினோம். சித்திரை வெயில். நட்டு முடித்து, செல்போனில் படம் எடுத்து வெல்டருக்கு அனுப்பினேன். அம்மாவிடம் காட்டச் சொல்லி.

மறுநாள் அம்மாவின் குரலிலேயே பதில் வந்தது. கீழே மகன் அர்த்தம் எழுதியிருந்தார்: "இடைவெளி அதிகமாக விட்டிருக்கிறாய், மி யூ. ஆட்டுக்குட்டி நுழைந்துவிடும். பிடுங்கி நெருக்கமாக நடு."